“எங்க ஆளு ஒருத்தர் இருக்காரு” – அதற்கு அடுத்த கேள்வி

தங்களுக்கென்று ஒரு எம்.எல்.ஏ.வோ கவுன்சிலரோ இருப்பதால் ஒரு சிறுபான்மைச் சமூகத்துக்கு என்ன கிடைக்கிறது, இல்லாததால் என்ன கிடைக்காமல் போகிறது என்று கேட்டு எழுதுவதுதான் பல வருடங்களாக என் வேலை. மொழிச் சிறுபான்மையினர், மதச் சிறுபான்மையினர், பழங்குடியினர், எந்தக் கட்சியும் ஓட்டுக் கணக்கில் சேர்க்காத அளவுக்குச் சின்னக் குழுக்கள் என்று பலரோடும் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். இப்போது இந்த ஆய்வுக்குள் வருகிற இளையவர்கள் கேள்வித்தாளை அனுப்பி, “கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க” என்கிறார்கள். பெரும்பாலும் முதல் கேள்வி இப்படி இருக்கும்: ‘உங்கள் சமூகத்தின் குரல் சட்டமன்றத்தில் போதுமான அளவு ஒலிப்பதாகக் கருதுகிறீர்களா?’ கீழே ஐந்து கட்டம். ஒன்றில் டிக் அடிக்க வேண்டும்.

இந்தக் கேள்விக்கு வருகிற பதிலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கேட்கிறவர் யார், எதற்குக் கேட்கிறார், பதில் எங்கே போகும் என்று தெரியாத ஒருவர் நடுக்கட்டத்தில் டிக் அடித்துவிட்டு எழுந்து போய்விடுவார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

எந்த ஊர், எந்தச் சமூகம் என்பதை இந்தக் கட்டுரையில் எங்கும் சொல்லப்போவதில்லை. பேசியவர்களுக்குக் கொடுத்த வாக்கு அது. அதை எப்படிக் காப்பாற்றுவது என்பதே தனிப் பாடம், பின்னால் வருகிறேன்.

முதலில், களத்துக்குப் போகும் முன் படிக்க வேண்டியது. அந்தச் சமூகத்தின் வரலாற்றைப் படிக்கிற பலர், அவர்களுடைய பிரதிநிதி எந்த விதிப்படி உள்ளே போகிறார் என்பதைப் படிப்பதில்லை. விதி மாறினால் அனுபவமும் மாறும். “எங்க ஆளு ஒருத்தர் இருக்காரு” என்ற ஒரே வாக்கியத்துக்கு நாட்டுக்கு நாடு வேறு வேறு பொருள்.

ஸ்லோவேனியாவில் 90 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் இத்தாலியச் சமூகத்துக்கு ஓர் இடம், ஹங்கேரியச் சமூகத்துக்கு ஓர் இடம். அந்தச் சமூகத்தவருக்கு இரண்டு ஓட்டு. ஒன்று எல்லோரையும் போலக் கட்சிக்கு, இன்னொன்று தங்கள் உறுப்பினருக்கு. நியூசிலாந்தில் அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளுக்கான தொகுதிகள் 1867-லிருந்து இருக்கின்றன. மாவோரி ஒருவர் பொதுப் பட்டியலில் இருப்பதா, மாவோரி பட்டியலில் இருப்பதா என்று தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், ஆனால் தொகுதி உறுப்பினருக்கான ஓட்டு ஒன்றுதான். ஜெர்மனியில் டேனிஷ், ஃபிரீசியச் சிறுபான்மையினரின் கட்சிக்கு மற்றக் கட்சிகளுக்குள்ள, நாடாளுமன்றத்தில் இடம்பெற 5 சதவீத ஓட்டு வேண்டும் என்ற வரம்பு கிடையாது. 2021-ல் அந்தச் சலுகையால்தான் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு கூட்டாட்சி நாடாளுமன்றத்தில் அவர்களுக்கு ஓர் இடம் கிடைத்தது. சிங்கப்பூரில் 1988 முதல் குழுத் தொகுதிகள் உண்டு. அங்கே போட்டியிடும் அணியில் சிறுபான்மை இனத்தவர் ஒருவராவது இருந்தாக வேண்டும், ஓட்டு விழுவது அணிக்கு.

இந்தியாவின் தனித்தொகுதி இதில் எதைப் போலவும் இல்லை. நிற்பவர் பட்டியல் சாதியாகவோ பழங்குடியாகவோ இருக்க வேண்டும், ஓட்டுப் போடுவது தொகுதியில் உள்ள எல்லோரும். 1932-ல் பிரிட்டிஷ் அரசு பட்டியல் சாதியினருக்குக் கொடுத்த தனி வாக்காளர் முறை (அவர்கள் மட்டுமே ஓட்டுப் போட்டுத் தங்கள் உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பது) பூனா ஒப்பந்தத்தில் கைவிடப்பட்டு, மாகாண சட்டசபைகளில் 148 ஒதுக்கீட்டு இடங்களும் பொது வாக்காளர்களும் என்று ஆனதன் தொடர்ச்சி இது. ஆகவே தனித்தொகுதி உறுப்பினரைப் பற்றி அவருடைய சமூகத்தாரிடம் கேட்கும்போது, “அவரை ஜெயிக்க வைத்தது யார்?” என்ற கேள்வி இல்லாமல் நேர்காணல் நகராது. பெரும்பாலான தொகுதிகளில் அவர் சமூகத்து ஓட்டு மட்டும் அவருக்குப் போதாது என்பது அங்கே டீ குடித்துக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஆய்வாளருக்கு மட்டும் தெரியாமல் இருக்கக் கூடாது.

விதியின் பழைய வடிவத்தையும் தெரிந்துகொண்டு போவது நல்லது. நியூசிலாந்தில் மற்ற வாக்காளர்களுக்கு 1870-லேயே ரகசிய வாக்கு வந்துவிட்டது. மாவோரி தொகுதிகளுக்கு அது வந்தது 1938 தேர்தலில். அதுவரை யாருக்கு ஓட்டு என்பதை அதிகாரி முன் வாயால் சொல்ல வேண்டும். இப்படி ஒரு நினைவு உள்ள குடும்பத்தில் ஒரு முதியவர், “யாருக்குப் போட்டோம்னு தெரிஞ்சா பிரச்சினை” என்று தயங்கினால், அதை இன்றைய பயம் என்று எழுதிவிடக் கூடாது. நேற்றைய பயம் இன்றைக்கும் வீட்டில் உட்கார்ந்திருக்கலாம்.

சரி, அடுத்து எண்ணிக்கை. நாடு முழுக்க ஆயிரம் பேரிடம் எடுத்த கருத்துக்கணிப்பில் மக்கள்தொகையில் 3 சதவீதம் உள்ள ஒரு சமூகத்திலிருந்து வருவது சுமார் முப்பது பேர். முப்பது பேரில் பாதிப்பேர் “திருப்தி” என்றால், உண்மையான அளவு 32 சதவீதமாகவும் இருக்கலாம், 68 ஆகவும் இருக்கலாம். அந்த அளவுக்குப் பிழை வரம்பு அகலம். இருந்தும் ‘அந்தச் சமூகத்தில் பாதிப்பேருக்குத் திருப்தி’ என்று தலைப்புப் போட்டுவிடுகிறார்கள். அந்த முப்பது பேரும் யார் என்று பார்த்தால், போன் எடுக்கக்கூடியவர்கள், பெரும்பான்மை மொழி பேசக்கூடியவர்கள், நகரத்தில் இருப்பவர்கள். பிரிட்டனில் 2010 பொதுத்தேர்தலை ஒட்டிச் சிறுபான்மை இனத்தவரிடம் தனியாக ஒரு பெரிய தேர்தல் ஆய்வு நடத்தினார்கள், வழக்கமான ஆய்வில் வருகிற சிலரை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்பதால். நமக்கு அவ்வளவு பணம் இருக்காது. அப்படியானால் சதவீதத்தை விட்டுவிட்டு, குறைவான பேரிடம் நீளமாகப் பேசுவதே மேல். பேசிய பிறகு ‘பெரும்பாலானோர்’ என்ற சொல்லைத் தொடாமல் எழுதிப் பழக வேண்டும். கஷ்டம்தான், கை தானாக அங்கே போகும்.

அப்புறம் கதவு. சின்னச் சமூகங்களுக்கு எப்போதும் ஒரு வாசல்காரர் இருப்பார். சங்கச் செயலாளர், மதகுரு, ஓய்வு பெற்ற ஆசிரியர், யாராவது ஒருவர். அவர் சொல்லாமல் ஒருவரும் பேசமாட்டார்கள். அவர் சொன்னாலும் அவர் சொன்னவர்கள்தான் பேசுவார்கள்.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சங்கத் தலைவரே அழைத்துப் போய் உட்கார வைத்தார். எழுபதைத் தாண்டிய அம்மா ஒருவர். என் ஒவ்வொரு கேள்விக்கும் அவர் முதலில் தலைவரைப் பார்ப்பார், அப்புறம் என்னைப் பார்ப்பார், அப்புறம் “எல்லாம் ஐயா பாத்துக்கறாரு” என்பார். தலைவரும் அடக்கமாகச் சிரிப்பார். நானும் எழுதிக்கொண்டேன். நடுவில் தலைவருக்கு போன் வந்தது, சிக்னல் கிடைக்கவில்லை என்று வெளியே போனார். அந்த அம்மா ரெக்கார்டரைக் காட்டி, “இது ஓடுதா தம்பி?” என்றார். அணைத்தேன். “இவரு சீட்டு எழுதிக் கொடுக்காம அந்த ஆபீஸ்ல உள்ள விடமாட்டாங்க. சீட்டு வேணும்னா போன எலெக்‌ஷன்ல யாருக்கு வேலை பாத்தேன்னு கேப்பாரு. எம்.எல்.ஏ. நல்ல மனுசன்தான். அவருகிட்ட போய்ச் சேர்றதுக்குள்ளதான் இவ்வளவும்.” வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும், “மழை எப்ப வரும்னு கேட்டீங்களே” என்று பேச்சை மாற்றினார். நான் மழையைப் பற்றிக் கேட்கவே இல்லை.

இதை எழுதலாமா என்று வேறொரு நாள் தனியாகப் போய்க் கேட்டு, அவர் தலையாட்டிய பிறகுதான் குறிப்பேட்டில் ஏற்றினேன். அதற்குப் பிறகு என் நடைமுறை இது: வாசல்காரரைத் தவிர்ப்பதில்லை, அவரையே முதல் நேர்காணல் ஆக்கிவிடுகிறேன். நன்றாக நேரம் கொடுத்து, மரியாதையாக, அவர் சொல்ல நினைத்ததை எல்லாம் சொல்ல விட்டுவிடுவது. சொல்லி முடித்தவருக்கு மற்றவர்கள் பேசும்போது பக்கத்தில் உட்கார வேண்டிய அவசரம் பாதி குறைந்துவிடும். இரண்டாவது, ஒரே வாசல் வழியாக நுழைவதில்லை. சங்கம் ஒரு பக்கம் என்றால், பள்ளிக்கூடத்தில் பிள்ளையை விட வருகிற தாய்மார்கள் இன்னொரு பக்கம், வெளியூரில் வேலை பார்க்கும் இளைஞர்கள் மூன்றாவது பக்கம். ஒருவர் இன்னொருவரைக் கைகாட்ட, அவர் இன்னொருவரைக் காட்ட என்று போகிற முறை வசதியானது. ஆனால் ஒரே வாசலில் தொடங்கினால் கடைசிவரை ஒரே உறவுக்கூட்டத்துக்குள்தான் சுற்றுவோம்.

இனி, கேள்வி. எனக்குத் தெரிந்து மிகவும் பலன் தந்த மாற்றம் இதுதான்: கருத்தைக் கேட்காதீர்கள், கடைசியாக நடந்ததைக் கேளுங்கள். “கடைசியா எந்த வேலைக்காக ஒரு ஆபீசுக்குப் போனீங்க? யார் கூட வந்தாங்க? உங்க பேரைச் சொன்னதும் என்ன ஆச்சு? மனுவை யார் எழுதிக் கொடுத்தது, எந்த மொழியில? பதில் வந்ததா? வரலைன்னா அடுத்து யார்கிட்ட போனீங்க?” இப்படிக் கேட்டால் ஒருவர் முக்கால் மணி நேரம் பேசுவார். அரசியல் என்ற வார்த்தையே அதில் வராது. ஆனால் உட்கார்ந்து எழுதிப் பார்த்தால் முழுக்க அரசியல்தான். கவுன்சிலர் வீட்டு வாசலில் செருப்பை எங்கே விடச் சொன்னார்கள் என்பதில் தொடங்கி, பெயரைத் தவறாக எழுதிய அட்டையைத் திருத்த எத்தனை முறை அலைந்தார்கள் என்பது வரை.

இதற்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது. பலரும் எங்கேயும் போயிருக்கமாட்டார்கள். “நாங்க எதுக்கும் போறதில்லைங்க.” இதைக் கேட்டதும் அடுத்தவரிடம் போய்விடுகிற ஆய்வாளர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கேதான் உட்கார வேண்டும். “போகணும்னு நினைச்சு விட்டது ஏதாவது உண்டா?” என்று கேட்டுப் பாருங்கள். பென்ஷன், பட்டா, சுடுகாட்டுப் பாதை, பிள்ளையின் சான்றிதழ் என்று வரிசையாக வரும். ஏன் விட்டார்கள் என்று கேட்டால், “போனா நம்ம ஆளுக்குத்தான் சங்கடம்” என்று பதில் வந்திருக்கிறது. தன் சமூகத்திலிருந்து ஒருவர் பதவியில் இருப்பதாலேயே தன் குறையைச் சொல்லாமல் இருப்பது என்ற ஒன்று இருக்கிறது. மனுக்களை எண்ணினால் இது தெரியாது, ஏனென்றால் மனுவே எழுதப்படவில்லை.

பாகுபாட்டைப் பற்றிப் பேசும்போது இன்னொரு சிக்கல். ஒருவர், “கடிதம் போட்டேன், பதில் வரலை, நாங்க இன்னாருங்கிறதாலதான்” என்பார். இருக்கலாம். அந்த அலுவலகம் யாருக்குமே பதில் போடாத அலுவலகமாகவும் இருக்கலாம். தனி ஒருவரால் இதைத் தெரிந்துகொள்ள முடியாது, எதிரில் உட்கார்ந்திருக்கும் நமக்கும் தெரியாது. அமெரிக்காவில் டேனியல் பட்லர், டேவிட் புரூக்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஒரு சோதனை இதைத் தொட்டது. மாநில சட்டமன்ற உறுப்பினர்களுக்கு, வாக்காளராகப் பதிவு செய்வது எப்படி என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பினார்கள். வாசகம் ஒன்று, கையெழுத்து மட்டும் வேறு: சிலருக்கு வெள்ளையர் பெயர், சிலருக்குக் கறுப்பினப் பெயர். இரண்டு கட்சிகளிலும் வெள்ளையின உறுப்பினர்கள் கறுப்பினப் பெயருக்குக் குறைவாகப் பதில் போட்டார்கள். சிறுபான்மை உறுப்பினர்கள் அந்தப் பெயருக்கு அதிகமாகப் பதில் போட்டார்கள். பதில் கிடைக்காத ஒருவருக்கு இது எதுவும் தெரிய வாய்ப்பில்லை, ஆயிரக்கணக்கான மின்னஞ்சல்களை அடுக்கிப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே நான் அவருடைய விளக்கத்தை ஆமோதிப்பதும் இல்லை, மறுப்பதும் இல்லை. அவர் அப்படி நினைக்கிறார் என்பதையும், அப்படி நினைத்ததால் அடுத்து என்ன செய்தார் என்பதையும் எழுதிக்கொள்கிறேன். இரண்டாவதுதான் அதிகம் உதவும்.

கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தும் பதில் மாறும். அதே சமூகத்தவர் கேட்டால் நல்லது என்று ஒரு பொதுவான நம்பிக்கை உண்டு. பாதி சரி. பெரும்பான்மையினர் மேலுள்ள கோபத்தைத் தன் ஆளிடம்தான் மனம் விட்டுக் கொட்டுவார்கள். ஆனால் தன் சமூகத்துக்குள் நடக்கிற சண்டை, யார் யாரை அமுக்குகிறார்கள், பிரதிநிதி தன் சொந்தக்காரர்களுக்கு மட்டும் செய்வது, இதெல்லாம் வெளியாளிடம்தான் வரும். நாளைக்குக் கல்யாண வீட்டில் எதிரில் நிற்கமாட்டானே. முடிந்தால் இரண்டு வகை ஆட்களையும் வைத்துக்கொண்டு, ஒரே ஊரில் தனித்தனியாகப் பேசவைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு பதிலில் எது உண்மை என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஒரே மனிதர் இரண்டு பேரிடம் இரண்டு விதமாகப் பேசுவதே ஒரு தகவல்.

பெண்களைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்பதை எல்லோரும் சொல்கிறார்கள், நானும் சொல்லிவைக்கிறேன். கூடவே, அந்தச் சமூகத்துக்குள்ளேயே கீழே வைக்கப்பட்ட பிரிவு எது என்று விசாரியுங்கள். அநேகமாக ஒன்று இருக்கும். ‘சமூகத்தின் கருத்து’ என்று நமக்குக் கிடைப்பது மேலே உள்ள பிரிவின் கருத்தாக இருக்கும்.

பிரதிநிதியைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் பார்த்தால், செய்தி பரவி, மக்கள் எல்லோரும் அவர் அனுப்பிய ஆளாக நம்மைப் பார்ப்பார்கள். கடைசியில் பார்ப்பதில் இன்னொரு நன்மை, அவருடைய நெருக்கடி அப்போதுதான் புரியும். ஓர் உறுப்பினர் என்னிடம் சொன்னது: “எங்க ஜனங்க என்னைக் கட்சிக்காரன்ங்கறாங்க. கட்சியில என்னை அந்த ஜனங்களோட ஆளுங்கறாங்க. ரெண்டு பக்கமும் நான் பாதிதான் சார்.” இந்தியாவில் 1985-ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போடுகிறவரின் பதவியே போகலாம். தன் சமூகத்தைப் பாதிக்கும் மசோதாவில் அவர் ஏன் கட்சியோடு கையைத் தூக்கினார் என்று குற்றம் சாட்டும் முன் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அதற்காக அவரைக் கேட்காமல் விடவும் கூடாது. கையைத் தூக்கும் முன் கட்சிக் கூட்டத்தில் என்ன பேசினார், அதைத் தன் மக்களுக்கு எப்படிச் சொன்னார் என்று கேட்கலாம்.

அவையில் அவர் என்ன பேசினார் என்பதற்குப் பதிவுகள் இருக்கும். எடுத்துப் படித்துவிட்டுப் போங்கள். “எங்களுக்காக ஒரு வார்த்தை பேசினதில்லை” என்று மக்கள் சொன்ன ஒருவர், பதிவேட்டில் சாலை, குடிநீர், ஆரம்ப சுகாதார நிலையம் என்று நிறையக் கேட்டிருந்தார். பாதிக்கு மேல் அவர்கள் குடியிருப்புக்கே போய்ச் சேர்ந்த வேலைகள். ஆனால் அவர்கள் எதிர்பார்த்தது வேறு: தங்கள் சமூகத்தின் பெயரை அந்த அவையில் ஒருமுறையாவது அவர் உரக்கச் சொல்ல வேண்டும் என்பது. சாலை வந்தால் போதாதா என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியதுண்டு. சாலை எல்லோருக்கும் வரும், பெயரை அவர் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லமாட்டார்கள் என்று ஒரு கல்லூரி மாணவி விளக்கிய பிறகு அதைக் கேட்பதில்லை.

இப்போது, ஊரையும் ஆளையும் காட்டமாட்டேன் என்று கொடுத்த அந்த வாக்குக்கு வருகிறேன். பெயரை மாற்றிவிட்டால் ஆளை மறைத்துவிட்டதாக நினைக்கிறோம். பெரிய சமூகத்தில் அது போதும். சில நூறு குடும்பங்கள் மட்டும் உள்ள இடத்தில் ‘ஐம்பது வயதுப் பெண், முன்னாள் வார்டு உறுப்பினர்’ என்று எழுதினாலே தீர்ந்தது, ஊரே சொல்லும் யார் என்று. ஆகவே ஒருவருடைய பதவியும் அவருடைய மேற்கோளும் ஒரே பத்தியில் வராமல் பார்த்துக்கொள்கிறேன். பேசியவர்களுக்குப் பெயருக்குப் பதில் எண்தான்; யார் எந்த எண் என்கிற பட்டியல் ஒலிப்பதிவுகளோடு ஒரே கணினியில் இருக்காது. ஊர்ப் பெயர், திருவிழாப் பெயர், அந்த ஊரில் மட்டும் நடந்த சம்பவம், இவை மூன்றும் ஆளைக் காட்டிக்கொடுக்கும், எடுத்துவிட வேண்டும். எடுத்தால் எழுத்து வெளிறித்தான் போகும். பரவாயில்லை. மேலே சொன்ன அந்த அம்மா கதையிலும் சிலவற்றை இப்படி மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

எழுதி முடித்த வரைவை அவர்களிடமே வாசித்துக் காட்டுவது வழக்கம். முழுக்க இல்லை, அவர்கள் பேச்சு வரும் பகுதிகளை மட்டும். ஒரு கூட்டத்தில் இளைஞர்கள் சண்டைக்கே வந்துவிட்டார்கள். பிரதிநிதியைப் பற்றி நான் மென்மையாக எழுதியிருக்கிறேன் என்று ஒரு தரப்பு, கடுமையாக எழுதியிருக்கிறேன் என்று இன்னொரு தரப்பு. என் முடிவை நான் மாற்றவில்லை. இரண்டு தரப்பின் மறுப்பையும் அவர்கள் சொன்ன மாதிரியே ஒரு தனிப் பக்கமாகச் சேர்த்தேன். அந்த ஆய்வில் அதிகம் படிக்கப்பட்ட பக்கம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அச்சான பிறகு அந்தப் பிரதிநிதியின் அலுவலகத்திலிருந்து ஓர் உதவியாளர் போன் செய்தார். பிரதி வேண்டும் என்றார், அனுப்பினேன். மறுவாரம் மறுபடி அழைத்து, “குறையெல்லாம் உடனே சரிபண்ணிடலாம், யார் யார் சொன்னாங்கன்னு மட்டும் லிஸ்ட் கொடுங்க, அண்ணனே நேர்ல போய்ப் பார்ப்பாரு” என்றார். நல்லெண்ணத்தில் கேட்டிருக்கவும் கூடும். அலுவலகத்துக்கு வெளியே சீட்டு இல்லாமல் மனு வாங்குகிற ஒரு நாளை வாரத்தில் வையுங்கள், சொன்னவர்கள் தாங்களே வருவார்கள் என்று சொன்னேன். பட்டியலைக் கொடுக்கவில்லை.